வெயில் படாத மஞ்சள்

ஜூலை 10, புதன்

ஜனவரியில் கொடுக்க வேண்டிய டைரியை ஜூலையில் கொடுத்தார்கள். மேலே இருப்பவர்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சியதாம். துடைப்பம் பிடிக்கிற எங்களை வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கு ஒன்று கையில் திணித்து, போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பினார் புருஷோத்தமன். அவர்தான் எங்கள் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். எந்நேரமும் வாயில் பாக்கு இருக்கும். போட்டோவுக்காக மட்டும் துப்பிவிட்டு வந்தார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்து கோணிக்கொண்டுதான் போகும். எனக்கு எழுதிவைத்து ஞாபகப்படுத்திக்கொள்ளும் அவசியமும் கிடையாது. யார், எந்த இடத்தில், எந்தப் புடவை கட்டிக்கொண்டு, என்னை என்ன சொன்னார்கள் என்பது எல்லாம் தலைக்குள் அப்படியே இருக்கிறது. ஆனால் நான் செத்த மறுநாளே இவர்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள். அதற்காக எழுதுகிறேன்.

பெயர் தனபாக்கியம். வேலை, போன் செய்கிற பெரிய கம்பெனியில் கோட்டு ரூமில். உள்ளே போகிற ஒவ்வொரு பெண்ணும் வெள்ளைக் கோட்டு மாட்டி, தலைக்குக் குல்லா போட்டுக்கொண்டு, மெட்டல் டிடெக்டர் வழியாகத்தான் போக வேண்டும். வெளியே வரும்போது கோட்டைக் கழற்றிக் கூடையில் போடுவார்கள். அதை மிஷினில் துவைத்து, மிஷினிலேயே காயவைத்து, மடித்து, காலரில் இருக்கிற நம்பர்படி அலமாரியில் அடுக்குவது என் வேலை. முன்னூறு பேருடைய வேர்வை நாற்றம். கம்பெனிக்குள் மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி வாசனை.

என் மருமகள் வினோதினி அதே ஷிப்டில், நாலாவது லைனில், போனில் கேமரா கண்ணாடி ஒட்டுகிறாள். கம்பெனிக்குள் அவளுக்கு நான் யாருமில்லை. கல்யாணம் ஆனவர்களை எடுக்க மாட்டோம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. ஆள் பிடிக்கிற ஏஜென்டு மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னான்: “கழுத்துல கயிறு இருந்தா வேணாம்மா. லீவு போடுவாங்க, வயித்தத் தள்ளிக்கினு வந்து நிப்பாங்க.” அதனால் அவள் அங்கே மிஸ் வினோதினி. நான் ஹவுஸ்கீப்பிங் ஆயா. இரண்டு வயதுப் பெண் குழந்தை வீட்டில் இருக்கிறது என்பது அந்தக் கட்டடத்தில் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

ஆகஸ்டு முடிவோடு அவளுக்கு ஒரு வருஷம் ஆகிறது. நிரந்தரம் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். என் மகன் கஜேந்திரன் ஏதோ ஒரு டிரைவர் வேலைக்குக் காத்துக்கொண்டிருக்கிறான், கல்யாணம் ஆன நாளிலிருந்து. அவள் சம்பளம் நின்றால் அடுப்பு நிற்கும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு அவளுக்கே நான் ஆயாவாக இருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய்ச் சக்கை இருந்தது. ஏற்கெனவே யாரோ மென்றது மாதிரி. சாப்பிடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

லீவு. வீடு மெழுகித் துடைத்தேன். மாவு அரைத்தேன். மகன் பத்து மணிக்கு எழுந்து, “காபியில சர்க்கரை இல்லையாம்மா?” என்று கேட்டான். வாயிலேயே சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்திருப்பேன், பாப்பா பார்த்துக்கொண்டிருந்தது.

பாப்பாவுக்குத் தன்விகா என்று பெயர். சம்பந்தி அம்மாள் கற்பகம் வைத்த பெயர். கூப்பிட்டால் தும்மல் மாதிரி இருக்கிறது. நான் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

டைரியில் முன்பக்க மாதங்கள் எல்லாம் காலி. வீணாக்குவானேன். ஜனவரிப் பக்கங்களில் பழைய பாக்கிகளை எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கம் கற்பகத்துக்கு.

கல்யாணத்தன்று தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள், எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் பண்ணுவதற்காக. என் பையன் கல்யாணம். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தட்டு என் முன்னால் வந்தது. கை நீட்டினேன். கற்பகம் தட்டைத் தூக்கி என் தலைக்கு மேலாகப் பின்வரிசைக்குக் கொடுத்தாள். “நீங்க இருங்க சம்பந்தி” என்று சிரித்தாள். பச்சை ஜரிகைப் புடவை, மூக்கில் எட்டுக்கல் பேசரி. புருஷன் விட்டுப்போனவள் கை தாலியில் படக் கூடாதாம். நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

என்னை விட்டுப்போன ஆளின் பெயரை இங்கே எழுத மாட்டேன். பக்கம் நாறும்.

ஜூலை 18, வியாழன்

கோட்டு ரூமில் நிற்கிறவளுக்குத்தான் கம்பெனி எப்படி என்று தெரியும். உள்ளே போகும்போது ஒரு முகம், வெளியே வரும்போது ஒரு முகம்.

லைன் லீடர் ஜெசிந்தா தூத்துக்குடிப் பெண். எதற்கும் அதட்டல். இன்றைக்கு ஒரு கோட்டில் பட்டன் அறுந்திருந்ததற்கு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பாட்டி, இத பாத்துத் தர மாட்டியளா? பட்டன் உள்ள விழுந்துச்சுன்னா லைனே நிக்கும்லா!”

“என் கண்ணு போனுக்குள்ளயா இருக்குது? நீயே தச்சுக்க” என்றேன்.

பக்கத்தில் ரூபாவதி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வந்தவாசிக்காரி. சிரித்தாள். “லீடரக்கா, ஆயாவயும் டார்கெட்ல சேத்துட்டியா?”

“உனக்கு என்னட்டி சிரிப்பு? நேத்து உன் பீசு மட்டும் கொறஞ்சிருக்கு.”

“மூணு தபா பாத்ரூம் அட்டை கேட்டேன், நீ ஒரு தபாதான் குடுத்த. அடக்கிக்கினு எப்டிக்கா ஒட்டறது? கண்ண மூடினாலும் கண்ணாடியாவே தெரியுது எனக்கு. ராவுல சோத்துல கூட வெரலு தானா ஒட்டற மாதிரியே போவுது.”

ஜெசிந்தா குல்லாவைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “ஊர்ல எங்கம்மா உப்பளத்துல நின்னு பாதம் வெடிச்சுக் கெடக்கா. நான் இங்க ஏசில நிக்கேன். ரெண்டு தங்கச்சிய நர்சிங் படிக்க வச்சிட்டேன். எனக்கு இந்தக் கம்பெனி கோயில் மாதிரிதான்.”

“கோயில்ல ஒண்ணுக்குப் போறதுக்குச் சாமி அட்டை குடுக்குமா?” என்று கேட்டாள் ரூபாவதி.

கோயிலாம். ஒருத்தி உப்பில் வெந்துபோவதற்குப் பயந்து இதைக் கும்பிடுகிறாள். இன்னொருத்தி தண்ணீர் குடிக்காமல் இருந்து மூத்திரக்கடுப்பில் சாகிறாள். இரண்டு பேர் கோட்டும் ஒரே மிஷினில்தான் சுற்றுகிறது.

ஜெசிந்தா பட்டன் விஷயத்தைப் பிப்ரவரிப் பக்கத்தில் எழுதியாயிற்று.

ஜூலை 23, செவ்வாய்

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அசிங்கம்.

பாப்பாவை நாள் முழுக்க எதிர்வீட்டுப் பட்டம்மா பார்த்துக்கொள்கிறாள். இன்றைக்கு நானும் வினோதினியும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது, பட்டம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டாள். வினோதினிக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பாப்பா அவளைப் பார்த்து, “அம்மா” என்று கை நீட்டியது.

நான் பாய்ந்து வாங்கினேன். “அம்மா இல்லடி, அக்கா. அக்காவுக்கு டாட்டா சொல்லு” என்றேன்.

வினோதினி நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு டாட்டா காட்டிவிட்டு, யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி வேறு சந்தில் திரும்பிப் போனாள். சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பாப்பா என் தோளில் கத்தித் தீர்த்தது. கையில் கடித்தது. கடிக்கட்டும்.

வந்தவள் முகம் கழுவவில்லை. சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஒரு வார்த்தை கேட்டேன்: “அந்த வேல அவ்ளோ புடிச்சிருக்கா உனக்கு?”

“புடிச்சிருக்கு அத்தை” என்றாள். “அங்க யாரும் என்னை எங்க போன, ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டாங்க. என் கை வேகத்தப் பாத்து இன்னொரு லைன்லேருந்து ஆளுங்க வந்து நிக்கறாங்க. உள்ள போனா நான் மட்டுந்தான் இருக்கேன்.”

நான் மட்டும்தானாம். அப்படியானால் நாங்கள் யார்? தட்டில் மோரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

சம்பளம் வந்தது. மகன் புதுச் செருப்பு வாங்கினான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. வினோதினிக்கு ஷிப்டு கிடையாது.

தாலிக்கயிறு மாற்ற வேண்டிய நாள். தங்கத்தாலி பீரோவில் இருக்கிறது. மெட்டல் டிடெக்டரில் அது கூவும் என்பதால் போன வருஷமே நான்தான் வழி சொன்னேன். கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொள், மஞ்சள் எந்த மிஷினிலும் கூவாது, சுடிதாருக்குள்ளே யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். கழற்றி வைத்துவிட்டே போகிறேன் என்று அவள் அப்போதே கெஞ்சினாள். விடுவேனா? தாலி இல்லாதவள் என்று என்னைச் சபையில் ஒதுக்கினவள் மகள், என் பிள்ளை உயிரோடு இருக்கும்போது வெறும் கழுத்தோடு திரிவதா?

இந்த வருஷம் விசேஷமாகச் செய்தேன். சந்தையில் இலையோடு பச்சை மஞ்சள் வாங்கி, நல்ல துண்டாக நறுக்கி, கயிற்றுக்கு மஞ்சள் பொடியைக் குழைத்து மூன்று தரம் தடவிக் காயவைத்தேன். தகதகவென்று இருந்தது.

கட்டப் போகிற நேரத்துக்குக் கற்பகம் போன். மகளிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னாளாம்.

“சம்பந்தி, கயிறு மாத்தறீங்களாமே. பக்கத்துல யாராச்சும் சுமங்கலி இருந்தா அவங்க கையால கட்டச் சொல்லுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

“தப்பா நெனைக்கறதுக்கு என்னா இருக்குது” என்றேன். போனை வைத்தேன். ஜனவரிப் பக்கத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

பட்டம்மா வந்து கட்டினாள். மகன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் சித்ரான்னத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நாலாவது லைன் கோட்டுகளைக் கூடையிலிருந்து எடுக்கும்போது அவள் கோட்டின் காலருக்குள் மஞ்சள் இருந்தது. விரல் அகலம். நான் மிஷினில் போடாமல் ஓரமாக எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. அலசினால் திரும்ப மஞ்சள்.

ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் மஞ்சள்கறை தானாகப் பறந்துவிடும். வீட்டுத் துணியெல்லாம் நான் அப்படித்தான் செய்வேன். ஆனால் இந்தக் கம்பெனிக்குள் வெயிலே கிடையாது. ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. பகலா ராத்திரியா என்றே தெரியாமல் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என்ன கட்டடம் இது, தூ.

காலரை உள்பக்கமாக மடித்து அலமாரியில் வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. சந்தைக்காரன் பழைய மஞ்சளைத் தந்துவிட்டான் போல. அவன் முகம் ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, புதன்

எழுத முடியவில்லை. வாய் கசக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்றைக்கு எழுதுகிறேன். வேலைக்குப் போகவில்லை. இனிமேல் போக வேண்டியதும் இல்லை.

நேற்றுக் காலை ஏதோ ஒரு போனில் கேமரா கண்ணாடிக்கு அடியில் மஞ்சள் துகள் இருந்ததாம். கடுகில் கால்வாசி இருக்குமாம். அதைப் பெரிதாக்கும் கண்ணாடியில் வைத்து வெளிநாட்டுக்காரர்கள் பார்த்தார்களாம். நாலாவது லைனை நிறுத்திவிட்டார்கள். டீ நேரம் என்று எல்லாரையும் கோட்டு ரூமுக்கு வரச்சொல்லிவிட்டு, வெளிக்கதவைச் சாத்தினார்கள். ஹெச்.ஆர். ஸ்வப்னா மேடமும், செக்யூரிட்டிப் பெண் ஒருத்தியும் கதவருகே நின்றுகொண்டார்கள். புருஷோத்தமனும் வந்தார்.

“யாரும் பயப்பட வேணாம் கேர்ள்ஸ்” என்றாள் ஸ்வப்னா மேடம். “கழுத்து, கை, காலர் மட்டும் பாப்போம். ஒவ்வொருத்தரா வாங்க.”

லைனில் இருக்கிற முப்பது பெண்களும் வரிசையில் நின்றார்கள். செக்யூரிட்டிப் பெண் ஒவ்வொருத்தி காலரையும் விலக்கி, கழுத்தைத் திருப்பி, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒருத்தியின் கழுத்தில் இருந்த தேமலைக்கூட நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

வினோதினி கடைசியில், என் அலமாரி ஓரத்தில் நின்றிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அவளுக்குப் பின்னால் சுவர். பாத்ரூம், சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம். முதல் நாளிலிருந்து அதுவரை அந்தக் கட்டடத்தில் என்னை ஆயா என்று மட்டும் கூப்பிட்டவள், வாய்க்குள்ளேயே “அத்தை” என்றாள்.

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கும் சுவருக்கும் நடுவில் போனேன். கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். பட்டம்மா முடிச்சு இறுகிக் கிடந்தது. அந்த ரூமில் கத்தரிக்கோல் கிடையாது, கத்தி கிடையாது, ஒரு ஊக்குகூடக் கிடையாது, இரும்பே உள்ளே வரக் கூடாதே. அவள் தலையை முன்னால் அழுத்தினேன். பிடரியில் வாயை வைத்துக் கயிற்றைக் கடித்தேன்.

உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்குக் கட்டின தாலி. கடித்தேன். மூன்று பூச்சு மஞ்சளும் அவள் வேர்வையும் வாயில் கரைந்தது. என் கடைவாய்ப் பல் ஆடிப்போயிற்று. அறுந்தது.

முன்னால் நின்ற ரூபாவதி இதைப் பார்த்துவிட்டாள். நான் அவளை முறைத்தேன். அவள் இரண்டு எட்டு பின்வாங்கி, இடுப்பில் கைவைத்து அகலமாக நின்றுகொண்டாள். இன்னும் இரண்டு பெண்கள் அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். கதவுப் பக்கம் எதுவும் தெரியாமல் போயிற்று. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அதில் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரிட்டுத் துணி. கைக்குச் சொந்தக்காரி ஜெசிந்தா. முகத்தை எதிர்ச்சுவர் பக்கம் திருப்பி, கடிகாரம் பார்க்கிறவள் போல நின்றிருந்தாள். துணியை வாங்கி வினோதினி கழுத்தைத் துடைத்தேன். மஞ்சள் வந்துவிட்டது. தோல் மட்டும் சிவந்திருந்தது.

கழுத்து சரியாயிற்று, காலர் என்னாவது? கறை இருக்கிறதே. நம்பரும் இருக்கிறது.

அதனால் அந்தக் கயிற்றை என் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போய், “யாரையும் தேட வேணாம்மா. அது என்னுது” என்றேன். முந்தானையை விலக்கிக் காட்டினேன். “கோட்டை மடிக்கும்போது நெஞ்சுல அணைச்சுத்தான் மடிப்பேன். கறை பட்டிருக்கும். அந்தக் கடைசிப் பொண்ணு காலர்லகூட இருக்கும் பாருங்க, நேத்து நான்தான் அழுக்காக்கிட்டேன்.”

காலரைப் பார்த்தார்கள். இருந்தது.

ஸ்வப்னா மேடம் கையில் இருந்த கம்ப்யூட்டர் பலகையைத் தடவினாள். “தனபாக்கியம். உங்க ஃபார்ம்ல விதவைன்னு இருக்கே?”

நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். “எழுதினவர் தப்பா எழுதிட்டார்” என்றேன். எழுதினவர் புருஷோத்தமன். பாக்கை விழுங்கிவிட்டார்.

“அப்ப ஹஸ்பண்டு இருக்காரா?”

“இருக்காரு.”

“பேரு?”

அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. முதலில் மரியாதைக்காக, பிற்பாடு அருவருப்பினால். முப்பது பெண்கள் பின்னால் நின்றார்கள். அதில் ஒருத்தி என் மருமகள்.

“துரைக்கண்ணு” என்றேன்.

“உங்ககூடத்தான் இருக்காரா?”

“இல்ல. வேலூர்ல வேற ஒருத்தியோட இருக்காரு.”

அவள் கண் அகலமாயிற்று. “அப்பவும் அவருக்காகவா இதக் கட்டிக்கிட்டு இருக்கீங்க?”

“ஆமாம்மா” என்றேன். “அவரு நல்லா இருக்கணும்னு.”

“சோ ஸ்வீட்” என்றாள் ஸ்வப்னா மேடம். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னாள். செக்யூரிட்டிப் பெண்ணும் உச்சுக் கொட்டினாள். ஸ்வீட் என்று சொன்ன வாய் மூடுவதற்குள், “ஆனா கம்பெனி ரூல்ஸ் இருக்கு இல்லையா, நாளைலேருந்து வர வேணாம்” என்றாள். புருஷோத்தமன் என் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றும்போது கயிற்றையும் சேர்த்து இழுத்தார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

வெளியே வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். குழாயில் நாக்கைக் கழுவினேன். மஞ்சள் போயிற்று, எவ்வளவு கொப்பளித்தாலும் பெயர் போகவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கயிறு இன்னும் என் கழுத்தில். கழற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்றுக் காலை மகனுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்தது. வினோதினிதான் சொன்னாள். அவன் கேட்ட முதல் கேள்வி: “அப்ப உன் சம்பளம் வராதா?”

இரண்டாவது, சிரித்துக்கொண்டே: “அப்பா நல்லா இருக்கணும்னா சொன்ன?” மத்தியானம் வாசலில் நின்று யாருக்கோ போன் பண்ணி அதையே சொல்லிச் சிரித்தான். அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். எத்தனை வருஷமானாலும் தெரியும். என் பிள்ளை அந்த ஆளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறான், எனக்குத் தெரியாமல், எத்தனை நாளாகவோ.

புதுச் செருப்பை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். இரண்டையும்.

நேற்றுச் சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த வினோதினி ஒரு பை கொண்டுவந்து வைத்தாள். கோட்டு ரூமில் நான் விட்டுவந்த சோற்று டப்பா. கழுவித் துடைத்திருந்தது. உள்ளே தூத்துக்குடி மக்ரூன்.

“யாரு குடுத்தது?”

“ஜெசிந்தாக்கா. ஊர்லேருந்து வந்ததாம்.”

“அவ ஏன் குடுக்கறா?”

“தெரியல அத்தை. யாரும் ஒண்ணுமே கேக்கல. மொத நாள் மாதிரியே பேசறாங்க. ரூபா மட்டும் பஸ்ல பக்கத்துல உக்காந்து, ‘பொண்ணா பையனா’ன்னு கேட்டா. பொண்ணுன்னேன். தலையாட்டிட்டுத் தூங்கிட்டா.”

முப்பது பேர். ஒருத்தி வாய் திறந்தால் அவளுக்குப் பேர் கிடைத்திருக்கும், மேடம் தோளில் தட்டியிருப்பாள். ஒருத்தியும் திறக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நான் பாப்பாவை அக்கா என்று சொல்லச் சொன்னபோது அந்த நாலைந்து பேர் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்? அப்போதே தெரிந்திருக்குமா? நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. இந்த மாதிரி எழுதி எனக்குப் பழக்கமில்லை. பிப்ரவரியில் ஜெசிந்தாவின் பட்டனை மட்டும் அடித்தேன். மக்ரூன் ரொம்பத் தித்திப்பு.

ஆகஸ்ட் 12, திங்கள்

வினோதினி சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு, என் முன்னால் வந்து கீழே உட்கார்ந்தாள்.

“அத்தை, அதக் குடுங்க.”

கழற்றினேன். கடித்த இடத்தில் முடிச்சுப் போட்டிருந்ததால் கயிறு குட்டையாகிவிட்டது. பட்டம்மாவைக் கூப்பிடுகிறேன் என்று எழுந்தேன்.

“நீங்களே கட்டுங்க.”

“உங்கம்மா என்னா சொல்லும்?”

“அன்னைக்குக் கடிச்சது அவங்க பல்லு இல்லையே அத்தை.”

“ரொம்பப் பேசாத, குனி” என்றேன். கட்டினேன். மூன்று முடிச்சு. நன்றாக இறுக்கித்தான் கட்டினேன், உறுத்தட்டும் என்று. பாப்பா வந்து அவள் மடியில் ஏறி, “அக்கா” என்றது. அந்த ஒரு தரம் சொல்லிக் கொடுத்ததே பிடித்துக்கொண்டுவிட்டது சனியன். வினோதினி அதன் வாயை மூடவில்லை. அழவும் இல்லை. பாப்பாவின் கையைப் பிடித்துக் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

நான் உள்ளே போய் அரிசி கழுவினேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வரலட்சுமி நோன்பு. காலையிலேயே கற்பகம் போன். மகள் ஷிப்டில் இருந்ததால் நான் எடுத்தேன். கயிறு சரியாக இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றேன். யார் கட்டினது என்று அவள் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று ரொம்ப நேரம் போனை வைக்காமல் நின்றேன்.

ஆகஸ்ட் 31, சனி

நிரந்தரம் பண்ணிவிட்டார்கள். கேக் வெட்டி, போட்டோ எடுத்து, கம்பெனிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். ‘மிஸ் வினோதினி, நாலாவது லைன், கனவுகளோடு முன்னேறும் இளம்பெண்.’ போனில் காட்டினாள். கழுத்து வெறுமையாக, பளிச்சென்று இருக்கிறது. பக்கத்தில் ஸ்வப்னா மேடம் இளித்துக்கொண்டு நிற்கிறாள். பார்க்கவே சகிக்கவில்லை. இனிமேலாவது சொல்லிவிடலாமே என்றேன். “ரூபா சொல்றா, நிரந்தரம் ஆனவங்களயும் வேற காரணம் சொல்லி அனுப்பறாங்களாம் அத்தை” என்றாள். ஆக, இது முடிகிற விஷயம் இல்லை.

கோட்டு ரூமுக்குப் புது ஆயா வந்துவிட்டாளாம். மடிக்கத் தெரியவில்லையாம், நம்பர் மாறிப்போகிறதாம். சந்தோஷமாக இருந்தது.

இப்போது தினமும் இதுதான் நடக்கிறது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கயிற்றைக் கழற்றி என் கையில் தருவாள். நான் அதைக் கொண்டுபோய் மாடியில் கொடியில் போடுவேன். நன்றாகக் காய்ந்து, உதிர்கிறதெல்லாம் அங்கேயே உதிரட்டும். சாயங்காலம் அவள் வந்து குனிவாள். நான் கட்டுவேன். ஒருநாள் தட்டில் தொடவிடாத கை, நாள் தவறாமல் மூன்று முடிச்சுப் போடுகிறது.

இதைக் கற்பகத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். ஜனவரியில் அவளுக்கு இன்னொரு பக்கம் ஒதுக்கி, பெயருக்குக் கீழே, கட்டின நாளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். பக்கம் நிறையட்டும்.

விரலெல்லாம் மஞ்சள். சோப்புப் போட்டால் சிவக்கிறது, சீ. நாளைக்கு வெயிலில் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.